வில்லன் சட்டை

7 அக்டோபர் 1940, திங்கள்

மதியம் முழுக்கக் குளம்புச் சத்தம். எங்கள் தையல் அறைக்கும் படத்தை வெட்டி ஒட்டுகிற அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு தட்டிதான். படக் கம்பெனி முதலாளி நஞ்சப்பர் எங்கிருந்தோ தேய்ந்துபோன இங்கிலீஷ் குதிரைப் படங்களை வாங்கி வந்து போட்டுப் பார்க்கிறார். அமெரிக்காவில் இதை வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துத் தள்ளுகிறார்களாம். தொப்பி வெள்ளையாக இருந்தால் நல்லவன், தாடி இருந்தால் கெட்டவன். நடுவில் ஒரு பெண் வாசலில் நின்று கையைப் பிசைகிறாள். பேச்சு புரியாவிட்டாலும் குடி முழுகிப்போவதில்லை.

இன்று முதலாளி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்று வெவ்வேறு படங்களில் ஒரே குதிரை வண்டி ஒரே பள்ளத்தில் கவிழ்கிறதாம். ஒரு முறை கவிழ்த்துப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் அதே துண்டை ஒட்டியிருக்கிறார்கள். வண்டிக்காரன் சட்டை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால் போதும். யுத்தத்தில் பிலிம் கிடைக்காத நேரத்தில் இப்படி ஒரு வழி தெரிந்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று வந்தது. சூடாக இருந்தது. பிலோமிக்குப் பாதி வைத்துக்கொண்டேன்.

மிஷினுக்கு எண்ணெய் போட வேண்டும்.

11 அக்டோபர், வெள்ளி

பிலோமி பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணின் சடையைப் பிடித்து இழுத்து அடித்துவிட்டாள். சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பெண் இவளைச் சாராயக்காரன் மகள் என்றாளாம்.

வீட்டுக்கு வந்ததும் நான் இவளை அடித்தேன். எட்டு வயதில் அப்படி என்ன கை நீட்டுவது. அந்தப் பெண் பொய்யா சொன்னாள்? போன நவம்பரில், படம் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில், மூக்குமுட்டக் குடித்துவிட்டு முதலாளியின் குதிரையை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையிலிருந்து விழுந்து செத்தவர்தானே அவள் அப்பா. வீட்டில் கொண்டுவந்து கிடத்தியபோது வாசல்வரைக்கும் சாராய நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு அழுத பெண்சாதி இந்தக் கோயம்புத்தூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிலோமி கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை அன்று இனி தொடமாட்டேன் என்று பீடத்துக்கு முன்னால் சொன்னவர். முழுசாக ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

அடி வாங்கியும் பிலோமி அழவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

19 அக்டோபர், சனி

புதுப் படத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. போன வருஷம் "தொப்பிச் சிங்கம்". இப்போது "தொப்பிச் சிங்கத்தின் சபதம்". கதை எழுதுகிறவர் ரொம்ப மெனக்கெடவில்லை.

எங்கள் தையல் அறைக்குத் தலைவரான வேலப்ப மாஸ்டர் எனக்கு வில்லன் சட்டையைத் தைக்கச் சொல்லியிருக்கிறார். முதல் படத்தின் முடிவில் கரடிக்காளை என்கிற வில்லன் பாறையிலிருந்து குதிரையோடு விழுவான். புதுப் படத்தில் அவனுடைய தம்பி பழிவாங்க வருகிறான். வேறொரு நடிகர். ஆனால் அண்ணன் போட்ட அதே மாதிரிச் சட்டைதான் அவனும் போட வேண்டும். ஏனென்றால் கடைசியில் அந்தப் பழைய விழுகிற துண்டையே எடுத்து ஒட்டப்போகிறார்கள். முதலாளியின் போண்டா வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

அந்த விழுகிற காட்சியில் கரடிக்காளைக்குப் பதிலாக ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு குதிரை ஏறியவர் என் வீட்டுக்காரர் சவரிமுத்து. ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தவரை முதலாளி குதிரைக்காகப் பிடித்துக்கொண்டு வந்தார். நல்லவேளை, அந்தக் காட்சியைச் செவ்வாய்க்கிழமையே எடுத்து முடித்துவிட்டார்கள். இவர் குடித்துவிட்டுச் செத்தது வெள்ளிக்கிழமை. எல்லாம் முதலாளியே வீட்டுக்கு வந்து சொன்னது. அத்தோடு விடாமல் இந்த வேலையையும் கொடுத்தார். கன்னியர் மடத்தில் தையல் கற்றுக்கொண்டது வீணாகவில்லை. முதலாளி வீட்டு அடுப்பில்தான் எங்கள் உலையும் கொதிக்கிறது என்று மாஸ்டர் அடிக்கடி நினைவுபடுத்துகிறார். மறந்தால்தானே நினைவுபடுத்த.

பழைய சட்டை இருந்தால் அளவெடுக்கச் சுலபம் என்று கேட்டேன். கரையான் தின்றுவிட்டது என்றார். ஒரு வருஷத்தில் அப்படி என்ன கரையான். மாதிரிக்குப் போட்டோ தருவார்களாம். துணி நல்ல கறுப்பாக இருக்க வேண்டும், கருநீலம் பக்கமே போகக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் நாங்கள் வாங்குகிற மலிவு பிலிமில் நீலம் வெளுத்துச் சாம்பலாக விழுந்துவிடும். போன முறை கதாநாயகன் கழுத்துத் துணியில் அப்படி ஆகிக் கேமராக்காரர் குதியாய்க் குதித்தார்.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். தெருவே மெழுகுவர்த்தியும் செவ்வந்தியுமாகப் போனது. பிலோமி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் துவைக்கிற வேலை இருந்தது. அவளுக்குத் தலை பார்த்துப் பேன் எடுத்தேன். நிறைய இருந்தது.

5 நவம்பர், செவ்வாய்

போட்டோ வந்துவிட்டது.

பிலிம் துண்டிலிருந்து பெரிதாக்கியது. வெட்டி ஒட்டுகிற சேஷு ஐயர்தான் தட்டிக்கு மேலே நீட்டினார். நீட்டும்போது என்னைப் பார்க்கவில்லை. பாறை விளிம்பில் குதிரை. மேலே ஆள் பாதி முதுகு காட்டி இருக்கிறார், முகம் இல்லை. எங்கள் வீட்டில் அவர் படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. கடைசியில் கிடைத்தது இந்த முதுகு.

சட்டையின் இடது தோளில் ஓர் ஒட்டு. அதைச் சுற்றி வெள்ளைத் தையல்.

அந்தத் தையல் என்னுடையது. சாவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, வேலியில் மாட்டித் தோளைக் கிழித்துக்கொண்டு சட்டையோடு வீட்டுக்கு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில், அவர் வாசலில் நின்று அவசரப்படுத்த, நான் ஒட்டுப் போட்டேன். கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது. வெள்ளையில் தைத்தேன். கேமராவில் தெரியுமே என்றார். நீங்கள் என்ன ராஜாவா, உங்கள் தோளைக் குனிந்து பார்க்க என்றேன். சிரித்துக்கொண்டு போனார்.

அது வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை எடுத்த காட்சியில் வெள்ளிக்கிழமை போட்ட ஒட்டு எப்படி இருக்கும்?

6 நவம்பர், புதன்

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன்.

8 நவம்பர், வெள்ளி

மாஸ்டர் துணிக்கடைக்குப் போன நேரம் பார்த்துச் சேஷு ஐயரின் அறைக்குள் போனேன். போட்டோவை மேசைமேல் வைத்து ஒட்டைக் காட்டினேன். நான் ஒன்றும் கேட்கவேயில்லை. மனிதர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத்தனை நாள் தட்டிக்கு அந்தப் பக்கம் உங்க மிஷின் சத்தம் கேக்கறச்சே எல்லாம் சொல்லிடலாம்னு எழுந்து எழுந்து உக்காருவேன்" என்றார். "செவ்வாய்க்கிழமை ஒண்ணும் எடுக்கலை. எடுத்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரே தடவை."

அமெரிக்காவில் குதிரையை விழவைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்களாம். முன்னங்காலில் மெல்லிய கம்பியைக் கட்டி, மறுமுனையைத் தரையில் அடித்த முளையில் கட்டிவிடுவது. குதிரை வேகமாக வரும், கம்பி தீர்ந்ததும் தலைகுப்புற விழும். முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கட்டினார்களாம். புல்லுக்குள் கம்பி தெரியவில்லை. பாறை ஓரம் வந்து சும்மா திரும்ப வேண்டும் என்றுதான் இவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஏனுங்க ஐயரே, அவுருகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?" என்றேன்.

"சொன்னா முன்னாடியே உடம்பைச் சுருக்கிண்டுடுவான், நெஜமா இருக்காதுன்னுட்டார் முதலாளி."

அதற்குப் பிறகு சட்டையைக் கழற்றி, துடைத்து, வேட்டி கட்டி, வாயிலும் மார்பிலும் சாராயத்தை ஊற்றியிருக்கிறார்கள். போலீஸ் கேட்டால் சொல்ல ஒரு கதை வேண்டுமே. போலீஸுக்கும் முன்னால் நம்பியவள் நான்தான். தான் சொன்னதாகச் சொல்லவேண்டாம் என்று சேஷு ஐயர் கையெடுத்துக் கும்பிட்டார். நாலு பெண் குழந்தைகளாம்.  திரும்பி வந்து காஜா எடுத்தேன். ஆறு பொத்தானுக்கும் எடுத்து முடித்த பிறகுதான் கையில் இருந்தது என்ன கோட்டு என்றே பார்த்தேன்.

10 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். முள்ளும் நெருஞ்சியுமாகக் கிடந்தது. இருவரும் பிடுங்கினோம். அப்பா அன்றைக்குக் குடிக்கவில்லை என்று பிலோமியிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா எங்கிட்ட ஏன் சொல்லுல?"

"நீதான் நம்புலயே."

நெருஞ்சி குத்தி விரல் வீங்கியிருக்கிறது. ஊசி பிடிக்கக் கஷ்டம்.

12 நவம்பர், செவ்வாய்

முதலாளியைப் பார்த்தேன். சேஷு ஐயரின் பெயரைச் சொல்லவில்லை. ஒட்டை மட்டும் காட்டினேன். தைத்தவளுக்குத் தன் தையல் தெரியாதா.

மறுப்பார், கத்துவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். மனிதர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அதுவரை அந்த அறையில் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஒன்றும் நடக்காது என்று.

கோயில் வாசலில் வந்து நாலு பேர் கேட்க அவர் குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். முடியாவிட்டால் அந்தத் துண்டையாவது படத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். செத்தவரை ஊர் ஊராக இன்னொரு தடவை கொல்ல வேண்டாம்.

"அந்தத் துண்டு இல்லீன்னா படமே இல்லீங்க அம்மிணி" என்றார். "நடந்தது நடந்துபோச்சு. வேணும்னு யாராச்சும் பண்ணுவாங்களா? பாருங்க, உங்க ஊட்டுக்காரரு எத்தன பேரு பாக்க விழுந்திருக்கறாரு. எல்லாருக்கும் அப்பிடிச் சாவு வாய்க்குதுங்களா?"

பிறகு, பெண் குழந்தையை வைத்துக்கொண்டு வேலையில்லாமல் எங்கே போவீர்கள் என்று கரிசனத்தோடு விசாரித்தார். கரிசனம் என்றுதான் எழுத வேண்டும், குரல் அவ்வளவு இனிமையாக இருந்தது. நல்ல காபி வரவழைத்தார். நான் குடிக்கவில்லை. அந்தப் போண்டாவைத் தின்றவள்தானே நான்.

15 நவம்பர், வெள்ளி

வில்லன் சட்டையைத் தைத்து முடித்தேன். மாஸ்டர் கேட்டபடி இடது தோளில் ஒட்டு, வெள்ளை நூல். இரண்டாம் முறை அதே ஒட்டைப் போட்டேன். 

துணி நானேதான் கடைக்குப் போய் எடுத்து வந்தேன். மாஸ்டருக்கு மூட்டுவலி. கடையில் இருட்டு. கருநீலமும் கறுப்பும் அரிக்கேன் வெளிச்சத்தில் யாருக்குப் பிரித்துத் தெரியும்? மாஸ்டர் தடவிப் பார்த்து, நல்ல கறுப்பு என்றார். அவருக்குக் கண்ணும் அவ்வளவு சரியில்லை.

4 டிசம்பர், புதன்

மதுக்கரைப் பாறையில் படப்பிடிப்பு. பொத்தான் அறுந்தால் தைக்க நானும் போக வேண்டியிருந்தது. புது வில்லன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குதிரையில் வந்து போனார். பாவம், குதிரைமேல் உட்கார்ந்தாலே முகம் வெளுத்துவிடுகிறது. முதுகு மட்டும் கொஞ்சம் இவர் மாதிரி இருந்தது. நான் பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டேன்.

விழுந்த இடம் எது என்று யாரிடமும் கேட்கவில்லை. ஒரு முளை மட்டும் இன்னும் பாறை இடுக்கில் நின்றுகொண்டிருந்தது. ஒரு தடவை உதைத்தேன். அசையவில்லை.

21 டிசம்பர், சனி

கழுவி வந்த படத்தை இன்று போட்டுப் பார்த்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் கிறிஸ்துமஸுக்குப் பிலோமியின் பாவாடையை நீளம் விட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் படம் ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு கேமராக்காரரின் சத்தம். படம் முழுக்க வில்லன் சாம்பல் சட்டையில் வருகிறான், கடைசியில் விழும்போது மட்டும் கன்னங்கரேல் என்று விழுகிறான். ஒட்டவே ஒட்டாது என்று சேஷு ஐயர் சொன்னது தெளிவாகக் கேட்டது. அந்தக் குரலில் லேசாகச் சந்தோஷம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். மறுபடி எடுக்கப் பிலிமும் இல்லை, நாளும் இல்லை, பொங்கலுக்குத் தியேட்டர் பேசியாகிவிட்டது.

மாஸ்டரைக் கூப்பிட்டு விளாசினார்கள். அவர் திரும்பி வந்து மீதித் துணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, கடையில்தான் ஏமாற்றிவிட்டான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் பாவாடைத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்று சோறு ருசியாக இருந்தது. பிலோமிக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

23 டிசம்பர், திங்கள்

ஒரு வாளித் தண்ணீர்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. புது வில்லனைக் கொல்லைக் கிணற்றடியில் நிறுத்தி, தலையோடு ஒரு வாளி ஊற்றி, ஆற்றிலிருந்து ஏறி வருகிற மாதிரி ஒரு சின்னத் துண்டு எடுத்துவிட்டார்கள். நனைந்தால் துணி கறுக்கும், படத்திலும் கறுப்பாகத்தான் விழும். ஆற்றைக் கடந்த வில்லன் ஈரச் சட்டையோடு பாறைக்கு வருகிறான், விழுகிறான். ஆறு எந்த ஆறு என்று யாரும் கேட்கப்போவதில்லை.

"சனம் சட்டையப் பாக்கவா வருது? குதிர பாக்க வருது" என்று முதலாளி என் காதில் விழும்படியே சொல்லிக்கொண்டு போனார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, தெரியவில்லை. தண்ணீர் இறைத்த வாளி எங்கள் அறையில் கை கழுவ வைத்திருப்பது.

சட்டையைப் பிழிந்து கொடியில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். போட்டேன்.

17 ஜனவரி 1941, வெள்ளி

பிலோமி நச்சரித்துவிட்டாள். தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். பெண்கள் பக்கம் பெஞ்சில் இடம் கிடைத்தது. முறுக்கு வேண்டாம் என்றாள், வாங்கியதை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை தொடவேயில்லை.

படத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி எல்லோரும் துரத்துகிறார்கள். சாம்பல் சட்டை, வாளித் தண்ணீர், கறுப்புச் சட்டை. எனக்குப் பின்னால் இருந்தவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், முன்னால் இருந்தவள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். சட்டை மாறியதை ஓர் ஈ காக்கைகூடக் கவனிக்கவில்லை.

பிறகு பாறைமேல் அவர் வந்தார்.

போட்டோவில் முதுகுதான் இருந்தது. இதில் விளிம்புக்கு வருவதற்கு முன் குனிந்து, குதிரையின் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். ஜட்கா ஓட்டிய காலத்தில் ஏற்றம் வந்தால் எங்கள் மட்டக்குதிரைக்கு அப்படித்தான் தட்டுவார். எனக்கு ஒரு நாள் அப்படித் தட்டியதில்லையே என்று சண்டை போட்டிருக்கிறேன். தட்டிவிட்டுக் கேமரா பக்கம் ஒரு கணம் திரும்புகிறார். தாடி பொய், கண் அவருடையது. "அப்பா" என்றாள் பிலோமி, மெதுவாக. பிறகு கம்பி தீர்ந்துபோயிற்று.

தியேட்டரே எழுந்து விசிலடித்தது. நல்லவன் ஜெயித்துவிட்டானே. தரை டிக்கெட்டில் துண்டை வீசி எறிந்தார்கள். ஒன்ஸ்மோர் என்று யாரோ ஆரம்பித்தார்கள், பிறகு எல்லாப் பக்கமும் ஒன்ஸ்மோர். பெண்கள் பக்கத்திலும், எங்கள் பெஞ்சிலேயே, யாரோ இருவர் கத்தினார்கள். விளக்கைப் போட்டார்கள், கூச்சல் அடங்கவில்லை. ஆப்பரேட்டர் வேறு வழியில்லாமல் ரீலைத் திருப்பிச் சுற்றி மறுபடி விட்டார்.

மறுபடி பாறைமேல் வந்தார். குனிந்து இரண்டு தட்டுத் தட்டினார். திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் முறையும் கேட்டார்கள். ஆப்பரேட்டர் விடவில்லை.

18 ஜனவரி, சனி

காலையில் எழுந்தால் குரலே வரவில்லை. தியேட்டர் தூசி ஒத்துக்கொள்ளவில்லை போல. வேலைக்குப் போனதும் மாஸ்டர் ஏதோ கேட்டார், சைகையில் பதில் சொன்னேன். புதன்கிழமை வரைக்கும் அந்தப் படம் ஓடுமாம்.

பிலோமிக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்டு இருவருக்கும் கஷாயம் வைத்தேன்.